வயலின் இல்லாமல் ஆறு காலைகள்

முதல் நாள், தஞ்சாவூர்

22 வருடத்தில் வயலின் பெட்டி இல்லாமல் நான் ரயிலேறியது நேற்று இரவுதான். எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி மேல் பர்த்தில் படுத்த பிறகும் கை தலைமாட்டில் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. வீட்டில் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நான்கைந்து தடவை எனக்கே சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கச்சேரி. நான் பக்கவாத்தியம். பாடகி எனக்கு மூத்தவர், பல மேடைகளில் அவருடன் வாசித்திருக்கிறேன். என்னென்ன பாடப் போகிறார் என்ற பட்டியலை மூன்று நாள் முன்பே வாங்கி வைத்துக்கொண்டேன். தோடி ராக விஸ்தாரம். பஞ்சமத்தை, அதாவது 'ப' ஸ்வரத்தை, தொடாமலே, அதைத் தாண்டித் தாண்டி ஒரு கால் மணி நேரம் பாடினார். தோடியில் அப்படிப் பாடுவது ஒரு அழகு. கேட்கிறவர்களின் மனசு பஞ்சமத்துக்காக ஏங்க ஆரம்பித்துவிடும். கடைசியில் மெதுவாக இறங்கி அங்கே வந்து நின்றார். நின்று, குரலை விட்டார். தம்புரா மட்டும் கேட்க வேண்டிய இடம் அது.

நான் வில்லைப் போட்டு அந்த இடத்தை நிரப்பிவிட்டேன்.

தப்பான ஸ்வரம் எதுவும் இல்லை. சபையில் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். கச்சேரி முடிந்து காப்பி குடிக்கும்போது, "அந்த இடத்தைக் கொஞ்சம் விட்டிருக்கலாமேப்பா" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டேன். அவருடைய பஞ்சமம் முடிவதற்கு முன்பே என் வில் உள்ளே நுழைகிறது. முழுப் பதிவையும் கேட்டுப் பார்த்தால் அந்த ஒரு இடம் மட்டுமில்லை, நிறைய இடங்களில் அப்படித்தான். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து நான் என்ன வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கவாத்தியக்காரனுக்குக் காதுதான் பிழைப்பு. அது எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஆறு நாள் காவிரிக் கரைப் பக்கம் சுற்றப் போகிறேன். விடிவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்காவது உட்கார வேண்டும். ஃபோன் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. அப்புறம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுத வேண்டும்.

இன்று பெரிய கோயில். 6 மணிக்கு உள்ளே போனேன். முதலில் கேட்டது துடைப்பம். கல் தரையில் ஈர்க்குத் துடைப்பம் போடுகிற சத்தம், இழுப்பு நீளம், திரும்புவது குறுக்கல். வில் போடுவது மாதிரியே இருக்கிறது என்று நினைத்த உடனே கேட்பது நின்றுவிட்டது. நினைப்புதான் மிச்சம். இதுதான் என் வியாதி போலிருக்கிறது. கேட்டதை உடனே இன்னொன்றாக மாற்றிப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. விமானத்தின் சந்துகளிலிருந்து கிளிகள் கத்திக்கொண்டு பறந்தபோது மறுபடி ஆரம்பித்தேன்.

1010ல் முடிந்த கோயில் இது. திருப்பதிகம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என்று ராஜராஜன் கல்வெட்டில் 50 பேருக்கு நிவந்தம் எழுதியிருக்கிறான். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று குறுணி நெல். எனக்கு அந்த 48 பேரைவிட மற்ற இரண்டு பேர்மேல்தான் மனசு போகிறது. 48 குரலுக்கு நடுவே எங்கே அடிப்பது, எங்கே விடுவது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்!

மாலையில் மேலவீதியில் நடந்தேன். தஞ்சை நால்வர் என்கிற சங்கீதச் சகோதரர்கள் வாழ்ந்த தெரு. அவர்களில் இளையவரான வடிவேலுவுக்கு 1834ல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வெளிநாட்டு வாத்தியம் ஒன்றை இந்த ஊர்ப் பாட்டோடு சேர வைத்த முதல் தலைமுறைக்காரர்களில் அவர் ஒருவர். நம் பாட்டை இதில் வாசிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க முன்னால் அதிகம் ஆள் இல்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் விரலுக்கு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள், தஞ்சாவூர்

வீணை செய்யும் ஒரு பட்டறைக்கு நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பலா மரத்துண்டுகள் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிற மரம். வாங்கும்போது விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பாராம். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. 2013ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் நகலை ஒரு பழைய காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

நான் போன நேரம் மேளம் வைத்துக்கொண்டிருந்தார். வீணை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீணையில் தந்திக்கு அடியில் 24 மெட்டுகள். தேன்மெழுகில் கரித்தூளும் குங்கிலியமும் கலந்து, தண்டியின் இரண்டு பக்கமும் கரை மாதிரி கட்டி, அந்த மெழுகில் வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். அதற்குப் பெயர் மேளம் வைப்பது. மெழுகு இளகியிருக்கும்போது மெட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு நூல் நகர்த்தலாம். இறுகிவிட்டால் முடிந்தது. 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் எல்லா ராகத்துக்கும் பொதுவாக 24 மெட்டையும் இப்படி நிலையாகப் பதிக்கும் வழக்கம் வந்தது என்பார்கள். பாட்டுக்கும் மெட்டு என்கிறோம், இந்த வெண்கலத் துண்டுக்கும் மெட்டு என்கிறோம்.

"தம்பி, அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். தந்தியை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் வந்தது, நீண்டது, தேய்ந்தது. எனக்குக் கேட்பது நின்ற பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் மூன்று நான்கு விநாடி போயிற்று. அப்புறம் மெட்டின் ஒரு முனையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். மறுபடி மீட்டினார். இப்படியே ஒரு மெட்டுக்குப் பத்து தடவை.

எவ்வளவு நேரம் கேட்பீர்கள் என்று கேட்டேன்.

"வர்ற சத்தத்தை யாரு வேணும்னாலும் கேட்டுடுவாங்க தம்பி. அது போறப்ப கூடவே போகணும். எங்க போய் நிக்குதுன்னு பாத்தாத்தான் மெட்டு சரியா இருக்கா இல்லையான்னு தெரியும்."

என்னிடம் ஒரு மெட்டைக் காட்டி, "இது எப்படி இருக்கு?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை மீட்டினார். இந்த முறை சத்தத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கடைசிப் பகுதியில், சத்தம் நூலாக மெலிகிற இடத்தில், ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. பக்கத்தில் உள்ள தந்தி அதோடு சேராமல் முட்டிக்கொள்கிற நடுக்கம். ஆரம்பத்தில் அது மூடிக் கிடக்கிறது. சத்தம் விலகும்போதுதான் தெரிகிறது. "கொஞ்சம் ஏறியிருக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மெட்டை அழுத்தினார்.

மத்தியானம் சாப்பிடப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மெட்டு முடிந்திருந்தது.

மூன்றாம் நாள், திருவையாறு

தஞ்சாவூரிலிருந்து முதல் டவுன் பஸ். 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். ஒவ்வொரு பாலத்திலும் பஸ்ஸின் சத்தம் மாறுகிறது. மண் ரோட்டோரத்தில் அடங்கி வருகிற எஞ்சின் சத்தம் பாலத்தின் மேல் ஏறியதும் பரந்துவிடுகிறது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தையும் எண்ணினேன். சரியாக வந்தது.

ஆவணி மாதம், ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. தியாகராஜர் சமாதியில் என்னைத் தவிர ஒரு பாட்டியும் ஒரு நாயும். நான் இங்கே வந்ததெல்லாம் தை மாத ஆராதனைக்குத்தான். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும்போது அந்தக் கூட்டத்தில் ஒரு வயலினாக உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதுகூடக் கேட்காது. இன்று முதல் தடவையாக, சமாதிக்கும் ஆற்றுக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம்தான் என்று காதுக்குத் தெரிந்தது. படித்துறையில் தண்ணீர் மோதுவது சந்நிதிக்குள்ளேயே கேட்கிறது.

1847ல் தியாகராஜர் சமாதியான பிறகு இந்த இடம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையும் நகையையும் போட்டு 1920களில் இங்கே கோயில் எழுப்பினார். அந்நாளில் ஆராதனையில் பெண்கள் பாட இடம் கிடையாது. அதற்காகவும் போராடினார். 1952ல் அவர் மறைந்த பிறகு அவருக்கும் இங்கேயே சமாதி அமைத்தார்கள். கைகூப்பி உட்கார்ந்த கோலத்தில் அவருடைய சிலை தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி இருக்கிறது. பாட இடமில்லை என்று சொல்லப்பட்டவர் இப்போது எல்லோருடைய பாட்டையும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். தொண்டை அடைத்தது.

அங்கிருந்து ஐயாறப்பர் கோயில். பிராகாரத்தின் தென்மேற்குப் பக்கம் ஒரு இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு தடவை திரும்பக் கேட்கும் என்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது கத்தியிருக்கிறேன். இன்று ஒரு குடும்பம் தங்கள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை கூப்பிட்டது. நான் எண்ணினேன், நாலு வரைதான் எனக்குக் கிடைத்தது. அஞ்சாவது வருவதற்குள் பிள்ளை அடுத்த "ஐயாறா"வை ஆரம்பித்துவிட்டது. மூன்று முறையும் அப்படியே ஆனது. குழந்தை அது, அப்படித்தான் செய்யும். நான் என் வில்லை நினைத்துக்கொண்டேன்.

திருவையாற்றைப் பாடும்போது ஞானசம்பந்தர் ஒரு காட்சி வைக்கிறார். பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அதை இடி என்று நினைத்துப் பயந்த மந்திகள் மழை வருகிறதா என்று மரத்தில் ஏறி மேகத்தைப் பார்க்கின்றன. குரங்கு தப்பாகக் கேட்டுவிட்டது என்று இத்தனை வருடம் அதைப் படித்து ரசித்திருக்கிறேன். இன்று வேறு மாதிரி படுகிறது. சத்தம் கேட்டதும் அந்த மந்திகள் அண்ணாந்து பார்க்கின்றன. நான் எதையாவது கேட்டு அண்ணாந்து பார்த்து எத்தனை நாளாயிற்று.

நான்காம் நாள், நரசிங்கம்பேட்டை

கும்பகோணம் தாண்டி, மயிலாடுதுறை போகும் பாசஞ்சரில் ஆடுதுறைக்கு அடுத்த ஸ்டேஷன். சின்ன ஊர். நாகஸ்வரம் வாசிக்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். 2022ல் இந்த நாகஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே ஆச்சா மரம்தான். அதுவும் புதுசாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூண், உத்திரம், இவற்றைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஈரமெல்லாம் எப்போதோ போயிருக்க வேண்டும். ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டு, அதற்குள் நடந்த பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்த மரம் நாகஸ்வரமாகிறது. அடியில் புனல் மாதிரி விரிகிற அணசு மட்டும் தனி மரம். உலவு என்கிற குழலில் விரல் வைக்க ஏழு துளை, அதற்குக் கீழே இன்னும் ஐந்து. கீழே உள்ள ஐந்தை விரல் தொடுவதே இல்லை. ஆனால் அவை இல்லாமல் சுருதி நிற்காது.

முன்பெல்லாம் குட்டையான திமிரி நாகஸ்வரம்தான். கூர்மையான சத்தம், சுத்த மத்திமம் என்கிற ஸ்வரம் சரியாகப் பேசாது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இதே ஊர் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, செய்து ஊதிப் பார்த்து, மறுபடி செய்து, நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். இன்று நாம் மேடையில் கேட்பது அதன் வழிவந்த சத்தம். அவர் தோடியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். எனக்கு அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகள்தான். ஆனால் ஒன்று, அந்தத் தோடிக்குப் பின்னால் ஒரு ஆசாரியின் காது இருக்கிறது. அதைப் பற்றி யாரும் குரல் மாறிப் பேசுவதில்லை.

நாகஸ்வரத்தின் முனையில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கட்டுபவர் ஒருவரையும் பார்த்தேன். ஆற்றங்கரையில் விளைகிற கொறுக்கைத்தட்டையை வெட்டி, பதப்படுத்தி, தட்டி, நூல் சுற்றுகிறார். கட்டி முடித்ததும் வாயில் வைத்து ஊதுகிறார். நாகஸ்வரம் இல்லை, சீவாளி மட்டும். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு இது சரி, இது ஆகாது என்று இரண்டு குவியலாகப் பிரிக்கிறார். நாகஸ்வரத்தில் வைத்தால் எப்படிப் பேசும் என்று அந்த ஆட்டுக்குட்டிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பட்டறைச் சுவரில் ஒரு மூலையில் நீளமாக ஒன்று தொங்கியது. ஒத்து, நாகஸ்வரத்துக்குச் சுருதி ஊதுகிற குழல். வாங்க ஆள் இல்லை என்றார்கள். சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் போதும்.

ஒத்துக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். மூக்கால் மூச்சை வாங்கிக் கன்னத்தில் தேக்கி, சத்தம் அறாமல் ஊதிக்கொண்டே இருப்பார். ஒரே ஸ்வரம். சுவாமி புறப்பாடு என்றால் இரவெல்லாம் அதே ஸ்வரம். நாகஸ்வரம் கற்க வந்த பிள்ளைகளை முதலில் ஒத்து ஊதத்தான் உட்கார வைப்பார்களாம். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற ஒரு மல்லாரியை நூறு தடவை பின்னால் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் கையில் நாகஸ்வரம் வரும். வாயை அடைத்துக் காதைத் திறந்துவிடுகிற பள்ளிக்கூடம் அது. இப்போது எங்கள் சங்கீதத்தில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்கேயும் இல்லை. பிள்ளைக்கு எட்டு வயதானால் மேடை ஏற்றிவிடுகிறோம்.

"அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்" என்று பேச்சில் சொல்கிறோம். சுயபுத்தி இல்லாமல் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். "பக்கவாத்தியம் வாசிக்கிறான்" என்பதற்கும் அதே அர்த்தம்தான் வைத்திருக்கிறோம். இந்த இரண்டு சொல்லும் எனக்கு வலிக்கிறது. ஒத்துக்காரர் ஒரு கணம் சறுக்கினால் மேலே வாசிக்கிற ராகத்துக்கு நிற்க இடம் இல்லை. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறவர் பெயரை எடுத்து வசவாக்கி வைத்திருக்கிறோம்.

கேட்டு வாங்கி ஊதிப் பார்த்தேன். பத்து விநாடிகூட நிறுத்த முடியவில்லை.

ஐந்தாம் நாள், திருவாரூர்

நேற்று இரவு முழுக்க மழை. விடுதியின் தகரக் கூரை. விடியற்காலை கமலாலயக் குளக்கரையில் உட்கார்ந்தபோது மழை விட்டுத் தூறலாகியிருந்தது. தண்ணீரில் தூறல் விழுகிற சத்தமும் கல்லில் விழுகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. குளம் அவ்வளவு பெரிது. எதிர்க்கரைச் சத்தம் இங்கே வர நேரமாகிறது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்த ஊர். மூன்று பேரும் குழந்தையாக இருந்தபோது இந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

மாலை பூஜைக்குப் பஞ்சமுக வாத்தியம் கேட்டேன். ஒரே குடத்தில் தோல் கட்டிய ஐந்து முகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இன்று எழுத வேண்டாம்.

ஆறாம் நாள், குடுமியான்மலை

நேற்றே புதுக்கோட்டை வந்து தங்கி, காலையில் ஆட்டோ பிடித்தேன். 20 கிலோமீட்டர். சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்து. எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. அச்சில் வந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

ஏழு பகுதி. ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு ஸ்வரமாகப் பதினாறு கூட்டம். ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரத்துக்கு வெவ்வேறு உயிரெழுத்து. சில எழுத்துகளின் மேல் புள்ளி. அந்த உயிரெழுத்துகள் எதைக் குறிக்கின்றன, புள்ளி எதற்கு என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் தன் மாணவர்களுக்காகச் செய்தது என்று கடைசியில் எழுதியிருக்கிறது. பாறையில் வெட்டியாகிவிட்டது, இனி அழியாது என்று நினைத்திருப்பான். அழியவும் இல்லை. எழுத்தெல்லாம் கண் முன்னால் இருக்கிறது. அந்த மாணவர்களின் காது மட்டும் இல்லை. அதனால் இத்தனை ஸ்வரமும் இருந்தும் பாட்டு இல்லை.

இதை யோசித்துக்கொண்டு நின்றபோது காவலாளி பக்கத்தில் வந்தார். "சங்கீதக்காரரா சார்?" ஆமாம் என்றேன். "நிறைய பேர் வந்து ஃபோட்டோ எடுக்கறாங்க. இது எப்படி இருக்கும்னு யாராச்சும் பாடிக் காட்டுவாங்களான்னு நானும் பாத்துக்கிட்டிருக்கேன்." எனக்கும் தெரியாது ஐயா என்றேன். அவர் ஏமாந்த மாதிரி தெரியவில்லை. பாறைக்கு எதிரே நிழல் விழுகிற ஒரு இடத்தைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கோ ஆடு மேய்க்கிறவரின் குரல். அது கல்லில் பட்டு வருவதால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அது முடியும்வரை கேட்டேன்.

கீழே இறங்கி ஃபோனைத் திறந்தால் பாடகியிடமிருந்து செய்தி. அடுத்த மாதம் ஒரு கச்சேரி, தேதி காலியா, பாட்டுப் பட்டியலை இப்போதே அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார்.

தேதி காலிதான் என்று பதில் போட்டேன். பட்டியல் வேண்டாம் அக்கா என்றும் எழுதினேன்.